ஈயச் சிப்பாய்க்கு என்ன ஆயிற்று? சென்னையில் பொம்மைப் படை வைத்திருப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பொம்மைச் சிப்பாயில் கோளாறு தெரிந்தால் கை முதலில் நீள்வது சிப்பாயை நோக்கித்தான். துடைக்கிறோம், கழுவுகிறோம், மேலே ஒரு பூச்சு அடிக்கிறோம். சென்னையில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அலமாரியைப் பாருங்கள். அடுத்து, அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றைப் பாருங்கள். சிப்பாயைக் கடைசியில் தொடுங்கள். கடற்காற்றும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும், கத்திரி வெயிலும் மாறி மாறி வரும் ஊர் இது. குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய முறைகள் இங்கே பாதிக்குமேல் பொருந்துவதில்லை.

அறிகுறிகளைத் தலைப்புகளாகக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். என்ன பொருளால் ஆனது என்று தெரியாமல் பார்க்கும் வைத்தியம்தான் மிகப் பெரிய சேதத்தைச் செய்கிறது.

எதற்கும் முன்: இது என்ன பொருள்?

கையில் கனமாக இருந்து, அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் கோடு விழுந்தால் அது ஈயக் கலவை. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவில் உள்ளதைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். அதனால் அந்தச் சிப்பாய்களில் எங்காவது ஒரு சிறு துளை இருக்கும், எடையும் குறைவாக இருக்கும். அதே தோற்றத்தில், துளையே இல்லாமல் கெட்டியாகக் கனத்தால், பின்னாளில் யாரோ அச்செடுத்து வார்த்த நகல் என்று சந்தேகிக்கலாம். பிரிட்டன்ஸ் ஈய வார்ப்பை 1966இல் நிறுத்திக்கொண்டது.

பிளாஸ்டிக் என்றால் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பொம்மையை அமுக்கி, காற்றுக் குமிழி போனபின் விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் வெளியிட்ட சின்னஞ்சிறு வீரர்கள் இந்த இனம். வளையும், தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். மூழ்கி, விறைப்பாக இருந்தால் பாலிஸ்டைரீன். தாமியா நிறுவனத்தின் 1:35 அளவுக் கிட்கள் (தனித்தனிப் பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டுபவை) இப்படி. மூழ்கியும் ரப்பராக வளைந்தால் பி.வி.சி.

இன்னொரு வகை உண்டு. ஜெர்மனியின் எலாஸ்டோலின், லினியோல் பொம்மைகள் மரத்தூளையும் பசையையும் வெண்களிமண்ணையும் பிசைந்து, கம்பிக் கூட்டின்மேல் அச்சிட்டவை. லென்ஸில் பார்க்கும்போது விரிசலுக்குள் நார்போன்ற பொருளோ துருப்பிடித்த கம்பியோ தெரிந்தால் தண்ணீர்ச் சோதனையே வேண்டாம். ஈரத் துணிகூடக் காட்டக் கூடாது.

ஈயச் சிப்பாயின்மேல் வெள்ளைப் பொடி

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஈய நோய் அல்ல. இழை இழையாக, வண்ணத்தின் மேற்பரப்பில் மட்டும் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஈரப் பஞ்சால் ஒற்றினால் வந்துவிடும். அடியில் வண்ணம் நலமாக இருக்கும். ஈய நோய் உள்ளிருந்து கிளம்புவது. வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு மாவாக வெளியே வரும். காலடித் தட்டின் அடிப்பக்கம், குதிரையின் வயிறு, வார்ப்புத் துளையின் விளிம்பு என்று வண்ணம் மெலிந்த இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். சீரான சாம்பல் நிறமோ கருமையோ நோயன்று. அது ஈயம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட காப்பு. அதைப் பளபளக்கத் தேய்த்துவிட்டால் காப்பு போய்விடும்.

காரணம் பெரும்பாலும் அலமாரியில் இருக்கிறது. மரம், பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, அட்டைப்பெட்டி, மரப்பசை, புதிதாகப் பூசிய எனாமல் இவை எல்லாம் அசெட்டிக் அமிலத்தையோ ஃபார்மிக் அமிலத்தையோ மிகச் சிறிய அளவில் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி ஈயத்தைத் தின்னும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து அதை வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாற்றும். மாறும்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த அடுக்கைத் தின்னும். தொடங்கிய நோய் தானாக நிற்காததற்கு இதுதான் காரணம். தச்சரிடம் சொல்லி ஆசையாகச் செய்த, பிளைவுட் முதுகும் கண்ணாடிக் கதவும் உள்ள ஷோகேஸ், ஈயத்துக்கு ஏறக்குறைய மிக மோசமான வீடு. கதவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆவி உள்ளே தேங்கும்.

கண்ணாடிப் பெட்டி என்றாலும் மூலைகளை முகர்ந்து பாருங்கள். மீன்தொட்டி ஒட்டப் பயன்படும் சிலிக்கோன் பெரும்பாலும் உறையும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. காடி நெடி அடிக்கும். பெட்டி செய்யச் சொல்லும்போது நெடியில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நெடி உள்ளதில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்றால், நெடி முற்றிலும் போகும்வரை வாரக்கணக்கில் திறந்து வையுங்கள்.

இனி சிகிச்சை. வெள்ளைப் பொடி நச்சு. உள்ளே போனால் ஈயம் உடலில் தங்கும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு தட்டில் ஈரத்தாள் விரித்து, அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். காய்ச்சிவடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். பஞ்சையும் தாளையும் உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவுவது கூடாது. பிறகு சிப்பாயை மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். மேலே வார்னிஷ் அடித்து மூடிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஈரமும் அமிலமும் மிச்சமிருந்தால் அந்தப் பூச்சின் அடியிலேயே நோய் தொடரும், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். பழைய பிரிட்டன்ஸ் பொம்மைக்கு அதன் ஆலை வண்ணம்தான் மதிப்பு என்பதும் நினைவிருக்கட்டும். பாதி உதிர்ந்த அசல் வண்ணம், புத்தம்புது மறுபூச்சைவிட எத்தனையோ மடங்கு மேல்.

நோயுற்றவற்றைத் தனியே வைத்து, மீதியை இரும்பு பீரோவுக்கோ, இரும்புச் சட்டமும் கண்ணாடித் தட்டும் உள்ள அலமாரிக்கோ மாற்றுங்கள். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்கு உள்ளே வையுங்கள். கூடத்துச் சுவரில் மாட்டினால் பயனில்லை. 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயலுங்கள். திறந்த அறையில் அது நடக்காது. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டால் நடக்கும். ஆரஞ்சு மணிகள் ஈரம் உண்டதும் பச்சையாகும். உணவுக்குப் பயன்படாத தட்டில் பரப்பி, சுமார் 120 டிகிரி சூட்டில் உலர்த்தினால் மறுபடி ஆரஞ்சாகும். கூடவே கிளர்வூட்டிய கரியும் ஒரு துணிப்பையில் இருந்தால் அமில ஆவியை அது உறிஞ்சும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டி வடிகட்டிக்காக விற்கும் கரியே போதும்.

இரவில் மட்டும் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் ஈயப் படையை வைக்காதீர்கள். 24 டிகிரியில் குளிர்ந்திருக்கும் உலோகத்தின்மேல் காலையில் சன்னலைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். நாள்தோறும் நடக்கும் இந்த நனைவு, எப்போதும் ஒரே சீராக இருக்கும் புழுக்கத்தைவிடக் கெடுதல்.

உங்கள் பலகையோ பசையோ ஆபத்தானதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. காசிமேட்டுப் பக்கம் மீன்வலைச் சாமான் கடைகளில் ஈயக் குண்டு கிடைக்கும். இரண்டைப் பளிச்சென்று சுரண்டி, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் போடுங்கள். இரண்டிலும் ஈரப்பஞ்சு வையுங்கள், ஈயத்தைத் தொடாதபடி. ஒன்றில் மட்டும் உங்கள் பலகையின் துண்டைப் போடுங்கள். வெயில் நேரடியாகப் படாத, வெதுவெதுப்பான இடத்தில் நாலு வாரம் இருக்கட்டும். பலகைத் துண்டு உள்ள புட்டியில் மட்டும் ஈயம் வெளுத்தால் விடை கிடைத்துவிட்டது. அருங்காட்சியகங்களில் 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். நம் சித்திரை வைகாசி மாதங்களில் மொட்டை மாடி அறை அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும்.

மேட் வார்னிஷ் அடித்ததும் பனிமூட்டம்

அழகாக வண்ணம் தீட்டி முடித்து, கடைசியாக மேட், அதாவது பளபளப்பில்லாத, வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் கருப்பு பூட்ஸ் சாம்பலாகிறது, சிவப்புக் கோட் வெளிறுகிறது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. டப்பாவைப் போதுமான அளவு குலுக்காததும், ஒரே அடியில் கனமாக அடித்ததும் இதே தோற்றத்தைத் தரும்.

சுரண்டாதீர்கள். ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து, பளபளப்பு வார்னிஷை மெல்லிய பூச்சாக அடியுங்கள். மூட்டம் பெரும்பாலும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். முழுதும் உலர்ந்தபின் மேட் வார்னிஷை மிக இலேசாக, இரண்டு மூன்று தடவையாகக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஸ்ப்ரே டப்பாவை மூடிவைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மேட் வார்னிஷைத் தூரிகையால் பூசுவதே என் பரிந்துரை. நேரம் எடுக்கும், ஆனால் கார்த்திகை மாதத்தில் அதை நம்பலாம்.

நேரம் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். விடியற்காலை குளிர்ச்சியாக இருப்பதால் நல்லது என்று தோன்றும். ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். முற்பகல் பத்து மணிக்குமேல், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்பான இடைவெளிதான் சென்னையில் ஸ்ப்ரே வேலைக்கு உகந்தது. பெசன்ட் நகரில் அந்த இடைவெளி சீக்கிரம் முடியும், அம்பத்தூரில் சற்று நீளும்.

பிரைமர் மணல் மணலாக விழுகிறது

இது மே மாதத்து நோய், மேலே சொன்னதற்கு நேரெதிர். பிரைமர் என்னும் அடிப்பூச்சின் துளிகள் பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் உலர்ந்து தூளாகிவிடுகின்றன. டப்பாவை இன்னும் சற்று அருகே பிடியுங்கள். வெயிலில் காய்ந்த பொம்மையின்மேல் அடிக்காதீர்கள், நிழலில் ஆறவிடுங்கள். டப்பாவைப் பால்கனியில் விட்டுவைப்பது ஆபத்து, வெடிக்கும். விழுந்த மணலைப் பழைய பல்துலக்கியால் இலேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபூச்சு கொடுக்கலாம். தூரிகை வேலையில் வண்ணம் முனையிலேயே காய்கிறது என்றால், நனைந்த பஞ்சின்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணத்தைக் கலக்குங்கள். மாலைவரை ஈரமாக இருக்கும்.

வண்ணம் சுருளாக உரிகிறது

மிதந்த பொம்மையா? அப்படியானால் விடை அங்கேயே இருக்கிறது. பாலிஎத்திலீனில் எதுவும் எளிதில் பிடிக்காது. துப்பாக்கியும் ஈட்டியும் வளையும்போதெல்லாம் விறைப்பான எனாமல் பூச்சு விரிசல் விட்டு உதிரும்.

உரிந்ததை முழுதும் எடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதில் விடுபடத் தடவும் எண்ணெய்ப் பசை இதில் போகும். அதன்பின் விரலால் தொடாதீர்கள். கார் பம்பருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிரைமர்தான் இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து. அந்த பம்பர்களும் இதே குணமுள்ள பிளாஸ்டிக் என்பதால் அந்த பிரைமர் இங்கேயும் பிடிக்கிறது. மேலே அக்ரிலிக் மட்டும் பூசுங்கள், அது வளைந்துகொடுக்கும். எனாமலை இந்தப் பொம்மைகளிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

பழைய பாலிஎத்திலீன் வீரர்கள் தொட்டாலே நொறுங்கினால் பிளாஸ்டிக்கே முதிர்ந்துவிட்டது என்று பொருள். வெயிலும் புறஊதாக் கதிரும் செய்த வேலை. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. மிச்சத்தை இருட்டில் வையுங்கள்.

வண்ணம் காயாமல் பிசுபிசுக்கிறது, சக்கரம் உருகுகிறது

பி.வி.சி. பொம்மையை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்ல மெல்ல வெளியேறி, மேலே உள்ள எனாமலையோ ஸ்ப்ரேயையோ இளக்குகிறது. எத்தனை மாதம் காத்திருந்தாலும் காயாது. பூச்சை நீக்கிவிட்டு, தண்ணீர் அக்ரிலிக்கில் தொடங்குங்கள்.

அதே எண்ணெய்தான் பாலிஸ்டைரீன் டாங்கின் சக்கரத்தையும் தின்கிறது. பழைய கிட்டில் மென்மையான பட்டைச் சங்கிலி சக்கரத்தோடு சேர்ந்திருந்த இடமெல்லாம் பள்ளமாக இளகியிருக்கும். பெட்டியைத் திறந்த அன்றே சங்கிலியையும் டயரையும் தனி உறையில் போடுங்கள். பொருத்தும்போது சக்கர விளிம்பில் வண்ணமும் வார்னிஷும் நன்றாக உலர்ந்த அடுக்காக இருக்க வேண்டும்.

ஒரு டாங்க் முழுவதுமாகப் பளபளத்து, ஓரங்கள் மழுங்கிப்போயிருந்தால், பீரோவில் ரசகற்பூர உருண்டை இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டுப்புடவைக்குப் போட்ட உருண்டையின் ஆவி பாலிஸ்டைரீனை மென்மையாக்கும். பூச்சிக்குப் பயந்து சிப்பாய்ப் பெட்டியில் அந்துருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். மூடி இறுக்கமான பெட்டியும் உலர்ந்த காற்றும் அதைவிட நல்ல காவல்.

தலை ஆடுகிறது, கை கழன்றது, வாள் வளைந்தது

ஈயச் சிப்பாயின் தலை கழன்றால் பழைய முறையே இன்றும் நல்லது: தீக்குச்சியைச் சீவி, உள்ளீடற்ற கழுத்துக்குள் பாதியும் தலைக்குள் பாதியும் செருகுங்கள். பசை ஒரு துளி போதும். ஆடும் கைக்குத் தோளின் குழியில் மெல்லிய தாள் துண்டு. பிற்காலத்தில் யாரும் பிரித்துச் சரிசெய்யக் கூடிய வைத்தியம் எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். பற்றாசு வைக்கும் சூட்டுக்கோலை ஈயப் பொம்மையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஈயக் கலவை 300 டிகிரிக்குள் இளகிவிடும், முகம் போய்விடும்.

வளைந்த ஈய வாளை ஒரே தடவையில், மிக மெதுவாக நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியும். பிளாஸ்டிக் வாள் என்றால் சூடான நீரில் அமிழ்த்தி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

ஒடிந்த கணுக்காலைப் பசையால் மட்டும் ஒட்டினால் நிற்காது. இருபுறமும் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருக வேண்டும். அரை மில்லிமீட்டர் துளைமுனைகளுக்குச் சௌகார்பேட்டையில் நகை ஆசாரிகள் கருவி வாங்கும் கடைகளைக் கேளுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் இங்கே கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும், ட்யூபும் சீக்கிரம் கட்டியாகும். சிலிக்கா ஜெல்லோடு ஒரு டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்படலம் வந்தால் அது பசையின் ஆவி படிந்தது. குறைவான பசையும் மின்விசிறிக் காற்றும் அதைத் தடுக்கும்.

பீரங்கி வண்டி தானாக விரிசல் விடுகிறது

துத்தநாகக் கலவை வார்ப்பு. உள்ளே கலந்துவிட்ட ஈய அசுத்தம் ஆண்டுக்கணக்கில் உலோகத்தை உள்ளிருந்து பிளக்கிறது. சூடும் ஈரமும் அதை விரைவாக்கும். மருந்தில்லை. அதன் அளவுகளை எடுத்துக்கொண்டு, படம்பிடித்து, அதிர்வில்லாத இடத்தில் வையுங்கள். வாங்கும்போது பரப்பில் நுண்கோடுகளும் வீக்கமும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

டயோரமாவின் (சிப்பாய்களை நிறுத்தும் சிறு காட்சியமைப்பின்) தளம் வளைந்தது, வெளுத்தது, பூத்தது

பலகையின் மேற்புறம் மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மரப்பசையும் ஈரமாக ஏறினால், உலரும்போது அந்தப் பக்கம் சுருங்கிப் பலகையை இழுக்கும். வேலை தொடங்கும் முன் இரு புறமும் விளிம்பும் சேர்த்து பிரைமர் அடித்து அடைத்துவிடுங்கள், 12 மி.மீ.க்குக் குறைந்த பிளைவுட்டைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வளைந்ததற்கு, அடிப்பக்கத்தை இலேசாக நனைத்து, கனம் ஏற்றி வைத்துப் பார்க்கலாம்; பாதிதான் திரும்பும். மேடுபள்ளத்துக்குத் தெர்மகோல் நல்லது. ஆனால் ஸ்ப்ரே வண்ணமும் ஃபெவிக்விக்கும் பட்டால் அது குழிந்து கரையும். முதலில் மரப்பசையால் முழுதும் மூடுங்கள்.

மணலின்மேல் வெள்ளைப் பூச்சு எழுந்தால் அது உப்பு. மெரினாவிலிருந்தோ திருவான்மியூரிலிருந்தோ ஒரு பை மணல் அள்ளிவந்து அப்படியே ஒட்டியிருப்பீர்கள். கடல்மணலை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, உலர்த்தி, சலித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துவந்து மேலே நிற்கும் ஈயச் சிப்பாயின் காலடியையும் கெடுக்கும். செடி நட்ட மண்ணாக இருந்தால் வாணலியில் வறுத்தெடுங்கள், பூச்சி முட்டைகள் போகும்.

புல்லுக்கும் வேலிக்கும் உண்மையான செடிப்பொருள் வைத்தால் மார்கழிக்குள் பூஞ்சையோ வெள்ளிமீன் பூச்சியோ வரும். தேங்காய் நார் இதில் விதிவிலக்கு. வேகவைத்து உலர்த்தி, வண்ணம் ஏற்றிய நார், தென்னங்கீற்றுக் கூரைக்கும் நாணல் புதருக்கும் வெளிநாட்டுப் பாக்கெட் புல்லைவிட நூறு மடங்கு பொருத்தம்.

ஆற்றுநீருக்கு ஊற்றிய எபாக்ஸி ஒட்டிக்கொண்டே இருந்தால் கலவை விகிதம் தவறியிருக்கும். கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். மேலே எண்ணெய்ப்படலம் போல் மட்டும் தெரிந்தால் அது ஈரக்காற்றால் வந்தது. வெதுவெதுப்பான சோப்புநீரில் துடைத்தால் போகும். வெயில்காலத்தில் தடிமனாக ஒரே தடவையில் ஊற்றினால் கலவை சூடேறி விரிசல் விடும். சில மில்லிமீட்டர்களாக, அடுக்கடுக்காக ஊற்றுங்கள்.

புதுத் தளத்தின் பசையும் வண்ணமும் பல வாரங்கள் ஆவி விடும் என்பதை மறக்காதீர்கள். ஈயச் சிப்பாய்களை நிறுத்திக் கண்ணாடிப் பெட்டியை உடனே மூடினால், முதலில் சொன்ன நோயை நீங்களே அழைத்து உட்கார வைக்கிறீர்கள்.

கொலுவிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் மங்கியிருக்கின்றன

கொலுப்படிக்குக் கீழே பார்க் கட்டும் வீடுகளில் ராணுவ அணிவகுப்பும் ஓர் அங்கம்; சேகரிப்பாளர் வீட்டில் நல்ல சிப்பாய்களே அங்கே வந்து நிற்கும். நிற்கட்டும், மகிழ்ச்சியான வழக்கம் அது. குத்துவிளக்குப் புகையும் ஊதுவத்தியின் எண்ணெயும் படிந்திருக்கும் என்பதால், திரும்பியதும் மென்தூரிகையால் தூசி தட்டி, பிளாஸ்டிக் என்றால் மென்சோப்பு நீரில் கழுவுங்கள். ஈயத்தைக் காய்ச்சிவடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி உடனே உலர்த்துங்கள். குழந்தைகள் கையெட்டும் உயரத்தில் ஈயம் வேண்டாம். கொலுப் பொம்மைகளைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றும் பாட்டிமார் முறை ஈயத்துக்கும் சரியானது. செய்தித்தாளில் சுற்றுவது தவறு, அதன் அமிலமும் ஈயத்தைத் தின்னும்.

எல்லாம் சரி, ஆனால் காட்சி ஒட்டவில்லை

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார், சிப்பாயில் கைவைக்காமலே தீர்வதும் இதுதான். முதலில் அளவு. 170 செ.மீ. உயர மனிதர் 1:32இல் 53 மி.மீ., 1:35இல் 49க்குச் சற்றுக் குறைவு, 1:72இல் 24 மி.மீ. பெட்டியில் 54 மி.மீ. என்று போட்டிருந்தாலும் சிலர் கண்வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. அடித்தட்டை விட்டுவிட்டு நீங்களே அளந்துபாருங்கள். சற்றே சிறிய உருவங்களைக் காட்சியின் பின்பக்கம் தள்ளினால் அதுவே தொலைவாகத் தோன்றும்.

மரங்களில் எல்லோரும் தடுமாறுகிறோம். 15 மீட்டர் தென்னை 1:32இல் 47 செ.மீ. நிற்க வேண்டும். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று அதை 20 செ.மீ.யில் வைத்தால் சிப்பாய்கள் பூதங்களாகிவிடுவார்கள். முழு மரத்தைவிட, பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டப்பட்ட அடிமரங்கள் போதும். பனை வைத்தால் அடி கறுத்து, பழைய மட்டைகளின் தழும்போடு இருக்கட்டும்.

அடுத்து நிற்கும் விதம். எல்லோரும் தளத்தின் விளிம்புக்கு இணையாக, ஒரே திசை பார்த்து நின்றால் அது அணிவகுப்பு. சண்டை வேண்டுமென்றால் காட்சியைத் தளத்தில் சற்றுக் கோணலாகத் திருப்புங்கள். நாலு பேராவது எதிரியைப் பார்க்காமல் வேறு ஏதோ செய்யட்டும்: தோட்டா பிரிக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், விழுந்தவரைத் தூக்கட்டும்.

அதற்குமேல் வரலாறு. விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்த்ததும் முகம் சுளித்தால் பெரும்பாலும் காரணம் இங்கே இருக்கும். நம் ஊரிலேயே நடந்த அடையாற்றுச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1746இல் பாரடி தலைமையில் வந்த சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை, ஆற்றைக் கடந்து, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாஃபுஸ் கானின் பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் படையை முறியடித்தது. அந்தக் காட்சியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவப்புக் கோட் சிப்பாய்களை நிறுத்துவது பலர் செய்வது. அப்போது புனித ஜார்ஜ் கோட்டையே பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1749இல்தான் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. மதராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாகக் கொள்ளும் ஆண்டு 1758. ஆகவே அடையாற்றில் ஆங்கிலப் படை கிடையாது.

1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த பொள்ளிலூர்ப் போருக்கு நல்ல ஆதாரம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில், மைசூர்ப் படையிடம் தோற்ற கம்பெனிப் படையின் தலைவர் கர்னல் பெய்லி பல்லக்கில் இருப்பதும், சுற்றிச் சதுரமாக நிற்கும் படையும், மைசூர்க் குதிரைவீரர்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். வென்றவர் வரைவித்த ஓவியம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, குதிரைச் சேணத்துக்கும் கொடிக்கும் அதைப் பாருங்கள்.

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியைக் காட்சியாகச் செய்பவர்கள் தலைப்பாகையில் நேரம் செலவிடுங்கள். தோல் பதக்கம் வைத்த புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி, கடுக்கன் கூடாது என்ற உத்தரவும் சேர்ந்துதான் ஜூலை 10 அதிகாலையில் அந்தக் கோட்டையில் வெடித்தன. எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே தலையை வார்த்து ஒட்டினால் அந்தக் காட்சியில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. சிலருக்குக் கடுக்கனும் நெற்றிக்குறியும் தீட்டுங்கள், ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கட்டும். பொத்தான், வார்ப்பட்டை, துப்பாக்கியின் நீளம் போன்றவற்றுக்குச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள சீருடைகளையும் ஆயுதங்களையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. வண்ணம் தேர்ந்தெடுக்கும்போது அங்கே கண்ட துணியின் நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாக எடுங்கள். 54 மி.மீ. உருவத்தில் முழுச் சிவப்பு கண்ணைக் குத்தும், வெளிறிய சிவப்புதான் வெயிலில் நின்ற கோட்டாகத் தெரியும்.